பைக் பெட்ரோல் டேங்கின் உள்துருவை எடுப்பது எப்படி

டேங்க் சுத்தம் செய்பவர்களில் பலர் ஒரே இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். துருவெல்லாம் கரைந்து தகரம் சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரியும். தண்ணீர் விட்டு அலசி, டேங்கைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்கப் போவார்கள். காலையில் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே முழுக்க மஞ்சள் பூத்திருக்கும். துருவைக் கரைக்கும் வேலையைக் கரைசலே பார்த்துக்கொள்ளும். அதைக் கொட்டிய பிறகு வரும் அரை மணி நேரம்தான் நம் கையில் இருக்கிறது. அந்த அரை மணிக்குத் தேவையான எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இதெல்லாம் இரும்புத் தகட்டில் செய்த டேங்குக்கு மட்டும். வெளியே ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அது அலுமினியமோ பிளாஸ்டிக்கோ. இந்த வேலை அதற்குத் தேவையில்லை.

துரு எங்கே பிடிக்கிறது

பாதி பெட்ரோலோடு நிற்கும் டேங்கில் மீதி இடம் முழுக்கக் காற்று. பகலில் சூடாகி இரவில் குளிரும்போது அந்தக் காற்றிலுள்ள ஈரம் டேங்கின் மேல்கூரையில் வியர்த்து, வழிந்து கீழே போகிறது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் ஈரத்தைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கும். ஆக, துரு அதிகம் பிடிக்கும் இடங்கள் இரண்டு: கூரையும் அடித்தளமும்.

அடித்தளத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. டேங்க் சட்டத்தின் மேல் குதிரைச் சேணம் போல உட்கார்ந்திருப்பதால், அதன் அடி இரண்டு பைகளாகப் பிரிந்திருக்கும். பெட்ரோல் டேப் ஒரு பையில்தான் இருக்கும். மறுபக்கப் பையில் தேங்கிய தண்ணீர் வெளியேற வழியே கிடையாது. துரு முற்றி ஊசித்துளை விழுவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சிறு துளை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அங்கே தேங்கும் மழைநீரை வெளியேற்ற, அந்தத் துளையிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று டேங்குக்குள்ளேயே இறங்கி அடியில் வெளியே வரும். மண் அடைத்துக்கொண்டால் பள்ளத்தில் தேங்கிய நீர் மூடியின் ரப்பர் வழியாக உள்ளே கசியும். குழாயே துருவில் ஓட்டையானால் மழைநீர் நேரடியாக டேங்குக்குள் இறங்கும். எவ்வளவு அருமையாகச் சுத்தம் செய்தாலும் ஆறே மாதத்தில் மறுபடி துரு பிடிக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் குழாயைத்தான். டேங்க் காலியாக இருக்கும்போது அந்தத் துளையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கீழே வந்தால் நல்லது. டேங்குக்குள் சொட்டினால் குழாய் போய்விட்டது. அதை மாற்றாமல் மற்ற வேலைகளில் இறங்க வேண்டாம்.

கழற்றுவதற்கு முன்

வேலையின் மிக ஆபத்தான பொருள் அமிலம் என்று பலர் நினைக்கிறார்கள். அமிலத்தைவிட ஆபத்தானது காலி டேங்க். நிறைந்த டேங்கில் எரிய வேண்டிய ஆவிக்கு இடமே இல்லை. காலி டேங்கில் ஆவியும் காற்றும் வெடிக்கத் தோதான அளவில் கலந்திருக்கும். திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பக்கத்தில் அடுப்பு, சிகரெட், கிரைண்டர், தண்ணீர் சூடாக்கும் கம்பி எதுவும் கூடாது. உள்ளே பார்க்க எல்.இ.டி. டார்ச் மட்டும் போதும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கார்புரேட்டர் வண்டி என்றால் பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். பிறகு டேப்பை மூடி, ஹோஸைக் கழற்றி, நீளமான ஹோஸ் ஒன்றை மாட்டி, பெட்ரோலை மூடியுள்ள கேனில் வடியுங்கள். சில வண்டிகளில் டேப்புக்கு மூடும் நிலையே இருக்காது. எஞ்சினின் உறிஞ்சலில்தான் திறக்கும். அதில் பிரைம் என்ற நிலைக்குத் திருப்பினால் பெட்ரோல் தானாக வடியும். எஃப்.ஐ. வண்டி, அதாவது பம்ப் வைத்துப் பெட்ரோலை எஞ்சினுக்குப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் பைப்பில் அழுத்தம் இருக்கும். பேட்டரியைக் கழற்றும் முன் பெட்ரோல் பம்பின் கனெக்டரை உருவி, எஞ்சினை ஓடவிட்டுத் தானாக நிற்கும்வரை காத்திருங்கள். அதன் பிறகே பைப்பைத் தொடுங்கள்.

டேங்கைத் தூக்கும் முன் அடியில் கை விட்டுப் பாருங்கள். பெட்ரோல் அளவு காட்டும் மிதவையின் வயர் அங்கே மாட்டியிருக்கும். அதை மறந்து டேங்கை இழுத்து வயரை அறுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

டேப், மிதவை, எஃப்.ஐ. என்றால் பம்ப், மேல் மூடி என்று எல்லாவற்றையும் டேங்கிலிருந்து கழற்றிவிடுங்கள். டேப் பித்தளையிலோ அலுமினியக் கலவையிலோ செய்ததாக இருக்கும். அமிலத்தில் அது கெட்டுப்போகும். பம்பைக் கழற்றும்போது பழைய ரப்பர் வளையம் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும். திரும்ப அதே வளையம் பள்ளத்தில் உட்காராது, புதிதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

டேங்கின் நிலையைப் பாருங்கள்

டார்ச்சை மூடிவாய் வழியாகச் சாய்த்து அடித்து, கூரையைக் கைபேசியில் படம் எடுங்கள். கண்ணால் பார்க்க முடியாத மூலைகள் படத்தில் விழும். காவி நிறத்தில் மெல்லிய பொடியாக இருந்தால் சங்கிலி போட்டுக் குலுக்க வேண்டிய தேவைகூட இல்லை. கருஞ்சிவப்பாகச் செதில் செதிலாக எழும்பியிருந்தால் குலுக்கல் வேண்டும். துருவின் மேல் கருப்பாகப் பளபளவென்று கோந்து போல் ஒரு படலம் தெரிந்தால் அது உறைந்த பழைய பெட்ரோல்.

வெளியே அடிப்பக்க மடிப்பு ஓரத்தில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா பாருங்கள். கொப்பளித்த இடத்தில் கூர்மையான ஊசி ஒன்றை வைத்துக் கட்டை விரலால் அழுத்துங்கள். ஊசி உள்ளே இறங்கினால் அங்கே தகடு இல்லை, துருதான் அடைப்பாக நிற்கிறது. அமிலம் ஊற்றியதால் டேங்க் ஓட்டையாகிவிட்டது என்று புலம்புகிறவர்களின் டேங்குகளில் பெரும்பாலும் ஓட்டை ஏற்கெனவே இருந்தது. துரு கரைந்ததும் அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

துளைகளை அடைப்பது

டேப்பும் மிதவையும் இருந்த துளைகளை அடைக்க, பழைய சைக்கிள் டியூபை அந்த வடிவத்துக்கு இரண்டு அடுக்காக வெட்டி, மேலே கெட்டியான பிளாஸ்டிக் துண்டு வைத்து, அதே போல்ட்டுகளால் இறுக்குங்கள். நீளமான போல்ட் போட்டுத் திருகிவிடாதீர்கள். டேங்கிலுள்ள திருகு உள்ளேயே முடிவது, ஒருமுறை கெட்டால் சரிசெய்வது பாடு. மழைநீர்க் குழாய், காற்றுக் குழாய் இரண்டின் மேல்வாயிலும் சிறு ரப்பர் கட்டை.

பெயிண்டைக் காப்பாற்ற, மூடிவாயைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வாஸ்லின் தடவி, டேங்க் முழுவதையும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றுங்கள். அப்படியும் ஒரு சொட்டு சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துடைத்தால் கீறல் விழும்.

முதலில் சோப்பு, பிறகுதான் அமிலம்

பலரும் தாண்டிப் போகும் கட்டம் இது. பெட்ரோலின் எண்ணெய்ப் பசையும் கோந்துப் படலமும் துருவை மூடியிருக்கும்வரை அமிலம் அதைத் தொடவே முடியாது. இரண்டு நாள் ஊறியும் பாதி துரு அப்படியே இருக்கிறது என்றால் காரணம் அமிலத்தின் பலக்குறைவு கிடையாது, கழுவாத பசைதான்.

கை பொறுக்காத சூட்டில், கொதிக்காத தண்ணீர் 5 லிட்டரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் 50 மி.லி. கலந்து டேங்கில் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். மூன்று முறையாவது செய்ய வேண்டும். கோந்துப் படலம் இருந்தால் ஒரு முறை லிட்டருக்கு 50 கிராம் சலவை சோடா சேர்த்து இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். கடைசியாக வெறும் தண்ணீர் விட்டுப் பார்க்கும்போது நீர் முத்து முத்தாக உருளாமல் தகட்டில் படலமாகப் பரவினால் பசை போய்விட்டது என்று பொருள்.

சோப்புத் தண்ணீர் நிரம்பியிருக்கும்போதே கசிவையும் சோதித்துவிடலாம். டேங்கின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, செய்தித்தாள் மேல் அரை மணி நேரம் வையுங்கள். வெறும் தண்ணீர் நின்றுவிடும் நுண்ணிய துளையில்கூடச் சோப்புத் தண்ணீர் நுழைந்து வரும். தாளில் ஈரம் எங்கே படுகிறது என்று பார்த்தால் போதும்.

செதில் துருவுக்கு இப்போது குலுக்கல். கைப்பிடி ஆணிகளும் கூழாங்கற்களும் போடச் சொல்பவர்கள் உண்டு. அவை உள்தடுப்புகளின் இடுக்கில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கடகடக்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள மெல்லிய இரும்புச் சங்கிலி நல்லது: ஒரு நுனியைக் கம்பியில் கட்டி வாய்க்கு வெளியே வைத்துக்கொண்டால் இழுத்தால் வந்துவிடும். ஒரு லிட்டர் சோப்புத் தண்ணீரோடு சங்கிலியைப் போட்டு, டேங்கைப் பழைய போர்வையில் சுற்றி, ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்துப் பத்துப் பத்து நிமிடம் ஆட்டுங்கள். கூரைப் பக்கம் கீழே வரும்படி கவிழ்த்தும் ஆட்ட மறக்க வேண்டாம். வரும் தண்ணீர் செம்மண் குழம்பு போல இருக்கும். நிறம் வெளுக்கும்வரை மாற்றி மாற்றி அலசுங்கள்.

எலுமிச்சை உப்புக் கரைசல்

புதிதாகச் செய்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். புகை வராது, தவறினால் திருத்த நேரம் கிடைக்கும், துருவைத் தின்னும் வேகத்தில் நல்ல இரும்பைத் தின்னாது.

அளவு: லிட்டருக்கு 80 கிராம். 12 லிட்டர் டேங்குக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. பிளாஸ்டிக் வாளியில் 60 டிகிரி சூட்டிலுள்ள தண்ணீரில் முழுக்கக் கரைத்து, பிறகு டேங்கில் ஊற்றுங்கள். தூளை டேங்குக்குள் கொட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் கட்டியாகத் தங்கி, ஓரிடத்தில் மட்டும் கடுமையாக அரிக்கும்.

வாய்விளிம்பு வரை நிரப்ப வேண்டும். துரு அதிகமுள்ள கூரை நனையாவிட்டால் செய்ததெல்லாம் வீண். பாதிக் கரைசல் வைத்துத் திருப்பித் திருப்பி ஊற வைக்கலாமே என்று தோன்றும். நீர்மட்டம் காற்றைத் தொடும் கோட்டில் தனியாக ஒரு வரித்துரு விழும், அந்தச் சிக்கனம் வேண்டாம்.

சில நிமிடங்களில் சின்னச் சின்னக் குமிழ்கள் எழும். அமிலம் இரும்பைத் தொடும்போது வரும் ஹைட்ரஜன் அது. மூடியை இறுக்கி மூடாதீர்கள், தீயை அண்ட விடாதீர்கள். தெளிவாக இருந்த கரைசல் முதலில் இளமஞ்சளாகும், பிறகு பச்சை கலந்த மஞ்சள், முடிவில் கருந்தேநீர் நிறம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கரைசலை வெளியே எடுத்துவிட்டு, நீளமான குச்சியில் பஞ்சு சுற்றிக் கூரையில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் காவி ஒட்டினால் இன்னும் நேரம் வேண்டும். கருஞ்சாம்பல் மை மட்டும் ஒட்டினால் துரு முடிந்தது. லேசான துருவுக்கு 6 முதல் 8 மணி, கெட்டியானதற்கு 24 மணி. அதற்கு மேலும் தேவைப்பட்டால் பழைய கரைசலிலேயே கிடக்க விடாமல் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள். வாரக்கணக்கில் விட்டால் நல்ல தகடும் மெலியும்.

மற்ற வழிகளைப் பற்றிச் சுருக்கமாக. 5 சதவீத வெள்ளை வினிகரும் வேலை செய்யும், இரண்டு மூன்று நாள் ஆகும். பாஸ்பாரிக் அமிலம் வேகமானது. துருவை இரும்புப் பாஸ்பேட்டாக மாற்றி மெல்லிய சாம்பல் படலம் விட்டுப் போவதால் மறுதுருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும், ஆனால் தோலில் பட்டால் புண்ணாகும். கழிப்பறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். அரை மணியில் துரு போவது உண்மைதான். கூடவே தகட்டையும் அரிக்கும், அதன் புகை நெஞ்சை எரிக்கும், இடுக்குகளில் தங்கும் குளோரைடு பிறகு துருவை அழைத்துக்கொண்டே இருக்கும். மின்னாற்பகுப்பு முறையில் அமிலமே தேவையில்லை, சலவை சோடாத் தண்ணீரும் பேட்டரி சார்ஜரும் போதும். ஆனால் உள்ளே விடும் கம்பி டேங்கைத் தொடாமல் இருக்க வேண்டும், அந்தக் கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கவே கூடாது, அதிலுள்ள குரோமியம் நச்சாகக் கரையும். முதல் முறை செய்பவருக்கு இத்தனை கவலைகள் வேண்டாம்.

சில டேங்குகளின் உட்புறத்தில் துத்தநாகப் பூச்சு இருக்கும். எந்த அமிலமும் அதைக் கரைத்துவிடும். ஓரிரு புள்ளிகளில் மட்டும் துரு என்றால் சோப்பும் சங்கிலியும் போட்டதோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

அந்த அரை மணி நேரம்

கரைசலைக் கொட்டும் முன் இவை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்: 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் ஆப்பசோடா கரைத்த வாளி, 10 லிட்டர் நல்ல சூடான வெறும் தண்ணீர், உலர்த்தும் சாதனம், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில் 100 மி.லி., கொஞ்சம் புதுப் பெட்ரோல். ஒன்று முடிந்தவுடன் அடுத்தது. இடையில் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. அமிலம் கழுவிய இரும்பு பச்சைக் காயம் போன்றது. ஈரமும் காற்றும் சேர்ந்து பட்டால் நிமிடங்களில் மஞ்சளாகும்.

அமிலத்தைக் கொட்டியதும் சோடாத் தண்ணீரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், மூடாமல் இரண்டு நிமிடம் ஆட்டி, எல்லாப் பக்கமும் நனைத்து, கொட்டுங்கள். உடனே சூடான தண்ணீர். இது இரண்டு வேலை செய்யும்: சோடாவைக் கழுவும், தகட்டையும் சூடாக்கும். சூடேறிய தகட்டில் மிச்ச ஈரம் தானாகவே ஆவியாகத் தொடங்கும். குளிர்ந்த நீரில் அலசுபவர்களுக்கு மஞ்சள் பூப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். அடைத்திருந்த துளைகள் எல்லாவற்றையும் இப்போதே திறந்து, டேங்கை இப்படியும் அப்படியும் சாய்த்து, இரண்டு பைகளிலும் தேங்கியதை வடியுங்கள்.

உலர்த்த இரண்டு வழி உண்டு, இரண்டையும் கலக்காதீர்கள். ஒன்று, ஹேர் டிரையரை மூடிவாயில் வைத்துச் சூடான காற்றை விடுவது; காற்று டேப் துளை வழியாக வெளியேறும், இருபது நிமிடம் ஆகும். மற்றது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ அசிட்டோனையோ 300 மி.லி. ஊற்றி ஒரு நிமிடம் சுழற்றி வடித்து, மறுபடி 200 மி.லி. ஊற்றி வடிப்பது. தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியேறும். மிச்சம் திறந்த வெளியில் பத்து நிமிடத்தில் ஆவியாகும். ஆல்கஹால் ஊற்றிய டேங்கில் ஹேர் டிரையரை வைத்தால் சூடான கம்பியில் ஆவி பற்றிக்கொள்ளும். அதேபோல், சோப்பும் தண்ணீரும் போட்டுப் பெட்ரோல் வாசனை முழுக்கப் போகாத டேங்கிலும் ஹேர் டிரையர் கூடாது. அசிட்டோன் வெளியே பெயிண்டில் பட்டால் பெயிண்ட் உரிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

காய்ந்தவுடன் டூ-ஸ்ட்ரோக் ஆயில் 100 மி.லி.யை 300 மி.லி. பெட்ரோலில் கலந்து ஊற்றி, கூரை உட்பட எல்லா மூலையும் படும்படி சுழற்றுங்கள். மிச்சத்தை வடித்துவிடலாம். தகட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய எண்ணெய்தான் காவல்.

இத்தனைக்கும் பிறகு லேசாக மஞ்சள் விழுந்தால் சோர்ந்துவிட வேண்டாம். லிட்டருக்கு 30 கிராம் எலுமிச்சை உப்புக் கரைசல் அரை மணி நேரம் போதும். பிறகு இதே வரிசையை வேகமாகச் செய்யுங்கள்.

கொட்டிய அமிலக் கரைசலில் நிறைய இரும்பு கரைந்திருக்கும். நுரை அடங்கும்வரை ஆப்பசோடா சேர்த்துவிட்டு, நிறையத் தண்ணீரோடு கழிவுநீர்க் குழாயில் விடுங்கள். கிணற்றடியிலோ செடிப் பாத்தியிலோ ஊற்றாதீர்கள். பழைய பெட்ரோலைச் சாக்கடையில் விடவே கூடாது.

உள்பூச்சு தேவையா?

தகடு முழுசாக இருந்தால் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. எபாக்சி வகைப் பூச்சு, எண்ணெய்ப் பசையோ ஈரமோ துளி இருந்தாலும் சரியாக ஒட்டாது. ஓரிரு ஆண்டில் தோல் தோலாக உரிந்து டேப்பை அடைக்கும். அந்தத் தோலை எடுப்பது துருவை எடுப்பதைவிடப் பத்து மடங்கு வேலை. ஊசித்துளைகள் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போது ஆயில் தடவும் கட்டத்தைத் தவிர்த்து, ஆல்கஹாலால் நன்றாகக் கழுவிக் காய வைத்து, எத்தனாலைத் தாங்கும் என்று குறிப்பிட்ட பூச்சையே வாங்கி, குப்பியில் சொன்ன நாட்கள் முழுக்கக் காய விடுங்கள். மிகுதியை அடியில் தேங்க விடாமல் வடித்துவிட வேண்டும். தேங்கிய இடம் உள்ளே காயாது. பெரிய ஓட்டைக்குப் பற்றவைப்புதான் வழி. அதைப் பெட்ரோல் டேங்குகளைப் பற்றவைத்துப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

திரும்ப மாட்டும்போது

டேப்பின் வலையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி, ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால் காவிப் பொடி படிந்திருக்கும். அதைக் கழுவாமல் சுத்தமான டேங்கை மாட்டினால் ஜெட் என்னும் பெட்ரோல் போகும் நுண்துளை அடைத்து வண்டி மறுபடியும் மூச்சு முட்டும். உள்ளே தெரியும் பெட்ரோல் ஃபில்டர் ஒன்றை ஹோஸில் போடுங்கள். எஃப்.ஐ. பம்பின் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்க இறுக்கினால் வளையம் பிதுங்கிக் கசியும்.

இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, டேப்பைத் திறந்து 200 மி.லி.யைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் பொடி படிந்தாலும், தண்ணீர்த் துளி கண்ணாடி மணி போல உருண்டு நின்றாலும் இன்னொரு முறை அலச வேண்டும். தெளிவாக இருந்தால் டேங்கை முழுக்க நிரப்புங்கள். முதல் 100 கிலோமீட்டரில் ஃபில்டரைப் பாருங்கள், கொஞ்சம் காவி இருப்பது இயல்பு. 500 கிலோமீட்டரில் புதிதாக மாற்றிவிடுங்கள். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள், மழைநீர்க் குழாயில் மெல்லிய நைலான் கம்பி விட்டு மண்ணைத் தள்ளிவிட்ட பிறகு.